கூதிரும் மந்தையும்

நுழையும்முன்

உறைபனி வீழாத நாட்டில் குளிரால் மாடுகள் இறக்குமா என்று கேட்டால், இறக்கா என்றே பலரும் விடை கூறுவர். ஆயினும் அடைமழையும் வாடைக்காற்றும் சேற்று நிலமும் ஒன்றுகூடும்போது, வெப்ப நாட்டு மந்தையும் ஓரிரு இரவுகளில் வீழ்ந்துபடுகிறது. அவ்விழப்பு ஏன் நேர்கிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை இலக்கியம், அறிவியல், பட்டறிவு ஆகிய மூன்றின் துணைகொண்டு விளக்குகிறது இப்பாடம்.

செல்வமும் மாடும்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. உழவு, எரு, பால், வண்டி எனக் குடும்பத்தின் பல தேவைகளை ஒரே உயிர் நிறைவேற்றிய காலத்தில் அப்பொருள் பிறந்தது. இன்று உழவைப் பொறிகள் ஏற்றுக்கொண்டன. ஆயினும் சிற்றூர்களில் கறவைமாடு இன்றும் செல்வமே. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 இலட்சம் மாடுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி பெரும் பண்ணைகளில் இல்லை. ஒன்றோ இரண்டோ மாடுகளை வைத்துப் பிழைக்கும் வீடுகளில் உள்ளன. காலையிலும் மாலையிலும் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் சில லிட்டர் பாலே அவ்வீடுகளின் நாள்வருவாய். அத்தகைய வீட்டில் ஒரு மாடு இறந்தால் வருவாய் நின்றுவிடும்; மாடு வாங்கப் பெற்ற கடன் மட்டும் நிற்காது.

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளில் நெற்பயிர் இருபோகம் விளைகிறது. முதற்போகத்தைக் கன்னிப்பூ என்றும் அடுத்த போகத்தைக் கும்பப்பூ என்றும் மக்கள் வழங்குவர். கும்பப்பூப் பயிர் வயலில் நிற்கும் காலமும் வடகிழக்குப் பருவமழை பொழியும் காலமும் ஒன்றே. வயல் முழுவதும் பயிர் நிற்பதனால் மாடுகளுக்கு அங்கே இடமில்லை. வரப்பு, குளக்கரை, தோப்பு ஆகியவற்றின் ஓரங்களே அவற்றின் மேய்ச்சலிடங்கள். மழையில் முதலில் சேறாகும் இடங்களும் அவையே. எனவே, பயிருக்கு வாழ்வு தரும் அதே பருவம் மாட்டுக்கு நெருக்கடியான பருவமாகிறது.

நெடுநல்வாடை காட்டும் காட்சி

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவம் என்பது தமிழர் வகுத்த பெரும்பொழுதுப் பகுப்பு. அப்பருவத்தின் கொடுமையைப் பாடும் நூல் நெடுநல்வாடை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இந்நூலை இயற்றியவர் நக்கீரர். 188 அடிகள் கொண்ட இப்பாட்டு, அரசனையோ அரண்மனையையோ முதலில் காட்டவில்லை. மழையில் நடுங்கும் ஆயர்களையும் அவர்தம் மந்தைகளையுமே முதலில் காட்டுகிறது.

மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது. அதனை வெறுத்த கோவலர் தம் ஆனிரைகளை வேற்று நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய இடத்தைப் பிரிந்த வருத்தத்தோடு, உடல் நடுங்கக் கூடிநின்று தீக்காய்கின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறந்து நிற்கின்றன. பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது.

புலவர் இங்கே கூறியவற்றைக் கால்நடை மருத்துவர் ஒருவர் படித்தால், குளிர்த் தாக்கத்தின் அறிகுறிகளாகவே அவற்றைக் காண்பார். மேய்ச்சலை மறத்தல், உடல் நடுங்குதல், தாய் கன்றை ஏற்க மறுத்தல் ஆகியன, குளிரால் வருந்தும் விலங்கிடம் இன்றும் காணப்படும் இயல்புகள். வெள்ளம் வருமுன் மந்தையை இடம்மாற்றுதல் அன்றைய ஆயர் அறிந்திருந்த முதற்பாதுகாப்பு. செல்வதற்கு வேறு நிலம் இருந்தது என்பதும் இக்காட்சியில் நாம் கருதத்தக்கது.

ஈழத்தில் நேர்ந்த இழப்பு

2022ஆம் ஆண்டு திசம்பர் மாதம், வங்கக் கடலில் உருவான மாண்டஸ் புயல் இலங்கையின் கிழக்குக் கடலைக் கடந்து தமிழ்நாட்டை நோக்கி நகர்ந்தது. திசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவையொட்டி அது மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயலின் மையம் இலங்கைக்குள் நுழையவில்லை. ஆயினும் அந்நாள்களில் அந்நாட்டின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மழையோடு கூடிய குளிர்காற்று வீசியது.

மழை தணிந்தபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய மாவட்டங்களிலிருந்து ஒரே வகையான செய்தி வந்தது. மேய்ச்சல் வெளிகளிலும் பட்டிகளிலும் மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் இறந்து கிடந்தன. இறந்தவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. ஒரே நேரத்தில் இத்துணை உயிர்கள் மடிந்ததால், தொற்றுநோயாக இருக்குமோ என்னும் அச்சம் எழுந்தது. அப்பகுதிகளிலிருந்து இறைச்சியைக் கொண்டுசெல்லவும் தடை விதிக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள், கடுங்குளிரின் தாக்கமே இறப்புக்குக் காரணம் எனத் தெரிவித்தன.

ஈழத்தின் வேளாண் நாட்காட்டி நாஞ்சில் நாட்டு நாட்காட்டியோடு பெரிதும் ஒத்தது. அங்கே நெல்லின் பெரும்போகம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. போகம் தொடங்கியதும் வயல்வெளிகளிலிருந்து மந்தைகள் வெளியேற்றப்பட்டுக் காட்டோரங்களுக்கும் தரிசு வெளிகளுக்கும் ஓட்டப்படும். கூரையின்றித் திறந்த வெளியில் அடைக்கப்படும் பட்டிகளே பல மாடுகளுக்கு இரவுத் தங்கல். மழையும் காற்றும் ஒருசேர வந்தபோது ஒதுங்குவதற்கு அவற்றுக்கு இடமில்லை.

உறைபனி இல்லை, வெள்ளம் அடித்துச் செல்லவும் இல்லை. பின்னர் மாடுகள் ஏன் இறந்தன? விடை, மாட்டின் உடல் வெப்பத்தைக் காக்கும் முறையில் உள்ளது.

உடல் வெப்பத்தின் வரவும் செலவும்

நலமுள்ள மாட்டின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ். இந்நிலை மாறாதிருக்க வேண்டுமெனில், உடலில் பிறக்கும் வெப்பமும் உடலிலிருந்து வெளியேறும் வெப்பமும் சமமாக இருத்தல் வேண்டும். குடும்பத்தின் வரவு செலவு போன்றதே இது. செலவு மிகுந்து வரவு குறைந்தால் முதலில் சேமிப்பு கரையும். பின்னர் வீடு நொடிந்துபோகும்.

மாட்டின் வெப்ப வரவுக்குத் தீவனமே மூலம். அசைபோடும் விலங்குகளின் வயிறு நான்கு அறைகளை உடையது. அவற்றுள் பெரியதாகிய முதலறையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிரிகள் நார்ப்பொருளை நொதிக்கச் செய்கின்றன. அந்நொதித்தலின்போது வெப்பம் பிறக்கிறது. வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாடு, தன் உடலுக்குள் ஓர் அடுப்பை வைத்திருக்கிறது எனலாம். தீவனம் குறையும்போது அவ்வடுப்பும் தணிகிறது.

வெப்பச் செலவு மிகுவதற்கு ஈரமும் காற்றும் காரணமாகின்றன. உலர்ந்த உரோமங்களுக்கிடையே காற்று தங்கியிருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் அது போர்வைபோல் உடலைக் காக்கிறது. உரோமம் நனைந்தால் காற்று வெளியேறி, அவ்விடத்தை நீர் நிரப்புகிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அந்நீர் ஆவியாகும்போதும் உடலின் வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. காற்று வீச வீச ஆவியாதலும் விரைவுபெறும். மழை மீண்டும் நனைக்க, காற்று மீண்டும் உலர்த்த, ஒவ்வொரு முறையும் உடல் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது.

அடர்ந்த குளிர்கால உரோமம் உலர்ந்திருந்தால், குளிர்நாட்டு மாடு நீர் உறையும் நிலையையும் தாங்கும். அதே மாடு முற்றிலும் நனைந்துவிட்டால், ஏறத்தாழ 15 பாகை செல்சியஸிலேயே அதன் உடல் கூடுதல் வெப்பத்தை ஆக்கிப் போராடத் தொடங்கிவிடும். நம் நாட்டு மாடுகளோ வெப்பத்தை வெளியேற்றுவதற்கு ஏற்ற உடலமைப்புடையவை. குட்டையான மெல்லிய உரோமம், தளர்ந்த தோல், தொங்கும் அலைதாடி, மிகுந்த வியர்வைச் சுரப்பிகள் ஆகியவை கோடையில் அவற்றைக் காக்கின்றன. கோடையில் நன்மை செய்யும் அவ்வமைப்பே கூதிரில் பகையாகிறது. ஆகவே வெப்பமானியின் எண்ணை மட்டும் கொண்டு குளிரை அளத்தல் போதாது. ஈரம், காற்று, பசி ஆகிய மூன்றையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

கன்றுகளும் ஆடுகளும் முதலில் இறப்பதற்கும் காரணம் உண்டு. உருவம் சிறுக்கச் சிறுக்க, உடலின் எடையை நோக்க அதன் புறப்பரப்பு மிகும். புறப்பரப்பு மிகுந்தால் வெப்ப இழப்பும் மிகும். பிறந்த கன்றின் உடல் ஈரமானது. கொழுப்புச் சேமிப்பும் குறைவு. சீம்பால் கிடைக்காத கன்று மழையிரவைக் கடத்தல் அரிது.

இறப்பு படிப்படியாக நெருங்குகிறது. முதலில் மாடு முதுகை வளைத்து, காற்றுக்குப் பின்புறம் காட்டி நிற்கும், உடல் நடுங்கும். நடுக்கம் என்பது தசைகள் வெப்பத்தை ஆக்கும் முயற்சி. காது, கால், காம்பு ஆகியவற்றிற்குச் செல்லும் குருதி குறைந்து அவை குளிர்ந்துபோகும். சேமிப்பு தீர்ந்தபின் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதைக் குணமாகக் கருதிவிடக் கூடாது; அதுவே பேராபத்தின் அடையாளம். பின்னர் மாடு படுத்துவிடும். எழ முயன்று தோற்கும். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மாட்டின் வயிற்றில் வாயு வெளியேற வழியின்றித் தேங்கும், மூச்சு திணறும். அடியில் நசுங்கிய தசைகளும் பழுதுறும். விடியும்போது அம்மாட்டின் முன் நிற்பவர், இரவு வந்த நோய் எதுவென்று வினவுவர். அதன் உடல் இரண்டு மூன்று நாள்களாகவே வெப்பத்தை இழந்துவந்தது என்பதே உண்மை.

சேறு என்னும் பகை

மழையையும் காற்றையும் கண்டு அஞ்சும் நாம், சேற்றை அவ்வாறு அஞ்சுவதில்லை. ஆனால் மாட்டைக் களைப்படையச் செய்வதில் சேற்றின் பங்கு பெரிது.

மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணிநேரம் வரை படுத்திருக்கும் இயல்புடையது. அசைபோடுதலின் பெரும்பகுதியும் அப்போதுதான் நிகழ்கிறது. நிலம் சேறானால் மாடு படுக்க மறுத்து இரவெல்லாம் நிற்கும். களைப்பு மிகுந்து படுத்துவிட்டாலோ, வயிறும் மடியும் குளிர்ந்த சேற்றில் அழுந்தும். ஒவ்வோர் அடியாகக் காலைப் பிடுங்கி வைப்பதற்கும் ஆற்றல் செலவாகும். ஆகையால் தீவனம் உள்ள இடத்திற்கே மாடு குறைவாகச் செல்கிறது. கணுக்கால் அளவுச் சேறே மாடு உண்ணும் தீவனத்தை 5 முதல் 15 விழுக்காடு வரை குறைத்துவிடும்.

மழையில் தளிர்க்கும் பசும்புல்லும் நம்மை ஏமாற்றக்கூடியது. இளம்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. வயிறு நிறைந்தது போலத் தோன்றினாலும் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றல் சிறிது. ஒரு கட்டு உலர்ந்த வைக்கோலின் அருமை மழைக்காலத்தில்தான் விளங்கும்.

சேறு நோய்களுக்கும் இடமளிக்கிறது. நீண்டநேரம் ஈரத்தில் ஊறிய குளம்பு மென்மையாகி, சிறு காயத்தின் வழியே கிருமிகள் நுழைந்து குளம்பழுகல் உண்டாகிறது. மடியில் அழுக்கு படிவதால் மடிவீக்கம் தோன்றுகிறது. நீர் தேங்கிய மேய்ச்சல் நிலத்தில் பெருகும் நத்தைகள் வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு பரவுகிறது. தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவையும் மழைக்காலத்தில் மிகுதியாகத் தாக்குகின்றன. இவ்விரண்டிற்கும் தடுப்பூசிகள் உண்டு. பருவமழைக்கு முன்னரே அவற்றைப் போட்டால்தான் பயன். மழை தொடங்கியபின் போடும் ஊசி எதிர்ப்பாற்றலை உண்டாக்கச் சில வாரங்கள் ஆகும்.

குயின்ஸ்லாந்து தரும் பாடம்

இத்துயரம் சிறு பட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. ஆசுத்திரேலியாவின் வடகிழக்கில் உள்ள குயின்ஸ்லாந்து மாநிலம் பெரும் மாட்டுப் பண்ணைகளைக் கொண்டது. அங்குள்ள மாடுகளுள் பல இந்தியத் திமில் மாடுகளின் வழிவந்த இனங்கள். பல ஆண்டு வறட்சியால் அம்மாநிலத்தின் வடமேற்குப் பகுதி வாடிக் கிடந்தது. 2019ஆம் ஆண்டு சனவரி இறுதியில் தொடங்கிய மழையைப் பண்ணையாளர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றனர். ஆனால் மழை நிற்கவில்லை. பிப்ரவரி முதற்பகுதி வரை இடைவிடாது பெய்தது. பலத்த காற்றும் வீசியது. வெப்பநிலையும் அப்பருவத்திற்கு வழக்கமான அளவைவிடப் பெரிதும் தாழ்ந்தது.

வறட்சியில் மெலிந்திருந்த மாடுகளின் உடலில் சேமிப்பு இல்லை. கரிசல் நிலம் ஆழ்ந்த சேறாயிற்று. தீவனத்தைக் கொண்டுசெல்லும் வழிகள் நீரில் மூழ்கின. சில நாள்களில் ஏறத்தாழ 5 இலட்சம் மாடுகள் மடிந்தன. வெள்ளத்தில் மூழ்கியவற்றோடு, நீர் எட்டாத இடங்களில் குளிராலும் களைப்பாலும் இறந்தவையும் அவற்றுள் அடங்கும். அது அந்நாட்டின் கோடைக்காலம் என்பது குறிப்பிடத்தக்கது.

ஈழத்துப் பட்டிக்கும் குயின்ஸ்லாந்துப் பண்ணைக்கும் அளவில் ஒப்புமை இல்லை. இறப்பின் காரணத்தில் வேறுபாடும் இல்லை. மெலிந்த உடல், நனைந்த தோல், ஓயாத காற்று, படுக்க உலர்ந்த இடமின்மை ஆகிய நான்கும் இரண்டிடத்தும் ஒன்றுகூடின.

நம் மாவட்டமும் நம் அண்டையும்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் சிறப்புடையது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றின் வலிமையை முப்பந்தலில் சுழலும் காற்றாலைகள் அறிவிக்கின்றன. ஆனி, ஆடி மாதங்களில் காற்றோடு கலந்த சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. எனவே ஈரமும் காற்றும் கூடும் காலம் இம்மாவட்டத்து மாடுகளுக்கு ஆண்டில் இருமுறை வருகிறது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது. கடலில் மீனவர்கள் பலரை இழந்த அத்துயரத்தோடு, நிலத்தில் மரங்கள் சாய்ந்து, தொழுவங்களின் கூரைகளும் சிதைந்தன. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் காவிரிப் படுகையின் கால்நடைகளைப் பெருமளவில் அழித்தது. 2021 நவம்பரில் பெய்த கனமழையால் குமரி மாவட்டத்தின் வயல்களும் ஊர்களும் நீரில் நின்றன. 2023 திசம்பர் 18 காலை வரையிலான 24 மணிநேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் அவ்வெள்ளம் மனித உயிர்களோடு கால்நடைகளையும் கொண்டது. குறுகிய காலத்தில் பெருமழை என்பது நம் பகுதிக்குப் புதியதன்று. அதற்கு ஆயத்தமாக இருத்தலே நாம் கற்கவேண்டியது.

காக்கும் வழிகள்

மழைக்கு முன் செய்யவேண்டியவை பல. புரட்டாசிக்குள் தொழுவத்தின் கூரையைச் செப்பனிட வேண்டும். தரையைச் சுற்றுப்புறத்தைவிட உயர்த்தி, சிறுநீரும் மழைநீரும் வடியுமாறு சரிவு அமைக்க வேண்டும். காற்று வரும் திசையில் சாக்கோ தென்னங்கீற்றோ கட்டி மறைப்பு ஏற்படுத்தலாம். நான்கு புறமும் அடைத்துவிடுதல் தவறு. உள்ளே ஈரமும் சாணத்தின் காற்றும் தேங்கி நுரையீரல் நோயை வரவழைக்கும். வைக்கோற்படப்பைக் கல் அல்லது மரத்தின்மேல் மேடையிட்டு அமைத்து, தார்ப்பாயால் மூடிவைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் உணவன்று, நஞ்சு. குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் இக்காலத்திலேயே முடிய வேண்டும். மெலிந்த மாட்டைத் தேற்றுவதற்கும் இதுவே ஏற்ற காலம்.

மழை பெய்யும் நாள்களில் கன்று, சினைமாடு, கிழமாடு ஆகியவற்றைக் கூரையின் கீழ் முதலில் சேர்க்க வேண்டும். மாலையில் உலர்ந்த வைக்கோலை மிகுதியாகக் கொடுப்பது இரவின் குளிரைத் தாங்க உதவும். நார்ப்பொருள் நொதிக்கும்போது பிறக்கும் வெப்பம் இரவு முழுவதும் நீடிக்கும். நனைந்த மாட்டைச் சாக்கினால் அழுந்தத் துடைத்தல் எளிய உதவி, பயனோ பெரிது. வெள்ளம் சூழும் நிலையில், கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடுதல் எல்லாவற்றிலும் முதன்மையானது. மாடு நீந்தும், கட்டுத்தறி நீந்தாது. வீட்டை விட்டு விரைந்து வெளியேறுவோர் மறந்துவிடும் அந்த ஒரு முடிச்சு பல உயிர்களை மாய்த்துள்ளது.

படுத்துவிட்ட மாட்டை அப்படியே விட்டுவிடலாகாது. நெஞ்சின்மேல் நிமிர்ந்து படுக்குமாறு திருப்பி, இருபுறமும் வைக்கோல் அடைத்த சாக்குகளை அண்டக் கொடுக்க வேண்டும். உடலை உலர்த்தி, வைக்கோலாலும் சாக்காலும் போர்த்த வேண்டும். விழுங்கும் வலிமையுள்ள மாட்டிற்கு வெதுவெதுப்பான வெல்ல நீரைத் தானே குடிக்குமாறு வைக்கலாம். விழுங்க இயலாத மாட்டின் வாயில் நீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்று உயிரைப் பறிக்கும். தமிழ்நாட்டில் 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் வழியாகக் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

காப்பாற்ற இயலாதபோதும் கடமை முடிந்துவிடுவதில்லை. 2022 முதல் 2026 வரையிலான பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி, இறந்த பசு அல்லது எருமை ஒன்றுக்கு 37,500 ரூபாயும், எருதுக்கு 32,000 ரூபாயும், கன்றுக்கு 20,000 ரூபாயும், ஆட்டுக்கு 4,000 ரூபாயும் வரையறுக்கப்பட்டன. வெள்ளம் இழுத்துச் சென்ற மாட்டின் இறப்பை எவரும் ஐயுறார். மழை ஓய்ந்த மறுநாள் தொழுவத்தில் குளிரால் இறந்த மாட்டிற்கோ சான்று வேண்டும். எனவே, புதைப்பதற்கு முன் கிராம நிருவாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவித்து, பிணக்கூறாய்வுச் சான்றைப் பெறுதல் இன்றியமையாதது. அதன்பின் கிணறு, குளம் முதலிய நீர்நிலைகளுக்குத் தொலைவில், ஆழமான குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

மேட்டு நிலம் எங்கே?

இதுவரை கூறியவை ஒவ்வொரு வீடும் செய்யத்தக்கவை. ஊர் கூடிச் செய்யத்தக்கது ஒன்றும் உண்டு.

நெடுநல்வாடைக் கோவலர் வெள்ளம் வந்தபோது மந்தையை வேறு நிலத்திற்கு ஓட்டினர். பிற்காலத்து ஊர்களிலும் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, களத்துமேடு எனப் பொதுநிலங்கள் இருந்தன. கோடையில் மேயவும் மழையில் ஒதுங்கவும் அவை பயன்பட்டன. இன்று அவற்றுள் பல ஆக்கிரமிப்புகளாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டன. நாஞ்சில் நாட்டில் நெல்வயல்கள் வாழைத் தோட்டங்களாகவும் தென்னந்தோப்புகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறியதால், மாடு உண்ணும் வைக்கோலும் சுருங்கிவிட்டது. மந்தையை ஓட்டிச்செல்லலாம் என்று அறிந்திருந்தும், ஓட்டிச்செல்ல இடமில்லை என்பதே இக்காலத்து இடர்.

ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊர் மக்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று இந்திய உச்சநீதிமன்றம் 2011 சனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. புயல் காலத்தில் மனிதர் தங்கப் பாதுகாப்பு மையங்களைக் கட்டுகிறோம். 'மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன்' என்று வீட்டிலேயே தங்கி உயிரிழக்கும் முதியவர்களும் நம்மிடையே உண்டு. ஊருக்கு ஒரு மேடு, அதன்மேல் ஒரு கூரை, அருகில் ஒரு வைக்கோற்படப்பு இருக்குமாயின் மாடுகளோடு மனிதரும் காக்கப்படுவர்.

தெரியுமா?
சென்னையின் நெரிசல் மிக்க பகுதிகளுள் ஒன்று மந்தைவெளி. மந்தைகள் மேய்ந்த வெளி என்னும் பொருளுடைய அப்பெயர், அவ்விடத்தின் பழைய நிலையை இன்றும் நினைவூட்டுகிறது.

கால்நடைகளைக் கொல்லும் குளிர் வானத்திலிருந்து மட்டும் வருவதன்று. நனைந்த தோல், வெறுமையான வயிறு, சேறான தரை ஆகிய மூன்றும் சேரும்போதே அது கொல்லும் வலிமையைப் பெறுகிறது. மழையை நிறுத்துதல் நம்மால் ஆகாது. காற்றைத் தடுத்து நிறுத்துதலும் ஆகாது. வயிற்றுக்கு வைக்கோலும், முதுகுக்குக் கூரையும், காலுக்கு உலர்ந்த நிலமும் தருதல் நம்மால் ஆகும். அவற்றை மழை வருமுன் தருதல் வேண்டும்.

சொற்பொருள்

கூதிர் – ஐப்பசி, கார்த்திகை மாதங்களாகிய குளிர்ந்த பருவம்; வாடை – வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று; கோவலர் – ஆயர்; ஆனிரை – பசுக்கூட்டம்; படப்பு – வைக்கோற்போர்; பட்டி – மந்தையை அடைக்கும் இடம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, களம் ஆகிய பெயர்களில் வழங்கும் இடங்களைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அவற்றின் இன்றைய நிலையைக் குறிப்பேட்டில் எழுதுக.
2. மாடு வளர்க்கும் வீடொன்றுக்குச் சென்று, மழைக்காலத்தில் அவர்கள் மேற்கொள்ளும் பாதுகாப்பு முறைகளைத் தொகுத்து வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா
1. நனைந்த உரோமம் மாட்டின் உடல் வெப்பத்தைக் காக்க இயலாமை ஏன்?
2. குளிரால் வருந்தும் மாட்டின் நடுக்கம் நின்றுவிடுதல் எதனை உணர்த்துகிறது?

சிறுவினா
1. நெடுநல்வாடையின் தொடக்கக் காட்சி குளிர்த் தாக்கத்தை எவ்வாறு புலப்படுத்துகிறது?
2. கும்பப்பூப் பருவம் மாடுகளுக்கு நெருக்கடியாவது ஏன்?

நெடுவினா
1. ஈழத்திலும் குயின்ஸ்லாந்திலும் நேர்ந்த கால்நடை இழப்புகளை ஒப்பிட்டு, உங்கள் ஊருக்கு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்து எழுதுக.